ஐ.பி. கொடுத்த கடைக்குள் மாட்டிக்கொண்ட என்ஜினை மீட்பது எப்படி?

பாம்பன் பக்கம் வல்லம் (நாட்டுப் படகு) வைத்துத் தொழில் செய்கிற வீடு எங்களுடையது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடையால் விசைப்படகுகள் கரையில் நிற்கும். எங்களைப் போன்றவர்களுக்கு மீன்பாடு கூடிவருகிற நாட்கள் அவை. அந்தச் சமயத்தில்தான், பழுதுபார்க்கக் கொடுத்திருந்த அப்பாவின் அவுட்போர்டு என்ஜின் பூட்டிய கடைக்குள் சிக்கிக்கொண்டது. கடைக்காரர் மஞ்சள் கடிதாசி (கடனைத் தீர்க்க முடியவில்லை என்று நீதிமன்றத்தில் போடும் ஐ.பி. மனு) கொடுத்துவிட்டார், ஷட்டரில் சீல். ஏழு வாரம் அலைந்து மீட்டோம். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

1. சாவி யார் கையில்?

ஷட்டரில் ஒட்டியிருக்கும் நோட்டீசைப் படம் எடுங்கள். தனிநபர் நடத்திய கடை என்றால், 1920ஆம் ஆண்டின் மாகாண நொடிப்புச் சட்டப்படி கடைக்காரரின் சொத்தைப் பொறுப்பேற்க நீதிமன்றம் நியமித்த ரிசீவரிடம் பேச வேண்டும். கம்பெனி என்றால் 2016ஆம் ஆண்டின் திவால் சட்டம். அங்கே கம்பெனியைக் கலைத்துச் சொத்தைப் பிரிக்கும் கலைப்பு அதிகாரி இருப்பார். வங்கி சீல் வைத்திருந்தால் நோட்டீசில் கையெழுத்திட்ட வங்கி அதிகாரி. கடைக்காரர் வீட்டு வாசலில் போய் நிற்பதில் பயனில்லை. சொத்து ரிசீவர் கைக்குப் போன பிறகு, அவரே நினைத்தாலும் எடுத்துத் தர முடியாது.

2. கடன் பட்டியலில் என்ஜினை எழுதாதீர்கள்

நான் இடறியது இங்கேதான். அப்பா கொடுத்திருந்த 2,000 ரூபாய் முன்பணத்துக்காக, கடன் கொடுத்தவர்கள் பட்டியலில் அவர் பெயரும் இருந்தது. நீதிமன்றத்திலிருந்து தபால் வந்ததும் தெருவில் எல்லோரும், "என்ஜின் விலையையும் சேர்த்து எழுது" என்றார்கள். எழுதிவிட்டேன். அதைத் திருத்தி வாங்கவே மூன்று வாரம் போயிற்று.

விலையைக் கேட்டால் பொருளை விட்டுவிட்டுப் பணம் கேட்பதாக ஆகிவிடும். பணம் கேட்பவர்கள் வரிசையில் நின்றால், இருக்கிற சொத்தை விற்றுப் பங்கு பிரிக்கும்போது ரூபாய்க்குச் சில பைசாதான் தேறும். பழுதுபார்க்கக் கொடுத்த பொருள் அப்படியல்ல. 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 148ஆம் பிரிவின்படி அது ஒப்படைப்பு; வேலை முடிந்ததும் திரும்பி வரவேண்டியது. கடைக்காரருக்கு அது ஒருநாளும் சொந்தமாகவில்லை. ஒப்படைப்பாக இருக்கும் பிறர் பொருள் கலைப்புச் சொத்தில் சேராது என்று கம்பெனிகளுக்கான 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 36ஆம் பிரிவு வெளிப்படையாகவே சொல்கிறது.

ஆகவே முன்பணத்துக்கு ஒரு மனு, என்ஜினுக்குத் தனியாக ஒரு மனு. இரண்டையும் ஒரே தாளில் எழுதாதீர்கள்.

3. இது என்னுடையதுதான் என்று காட்டுவது

வேலைச் சீட்டு இருந்தால் பாதி வேலை முடிந்தது. எங்களிடமும் இருந்தது, ஆனால் அதில் என்ஜின் எண்ணை எழுதவில்லை. ரிசீவர் கடையைத் திறந்து காட்டியபோது உள்ளே ஒரே மாதிரி நான்கு என்ஜின்கள். அப்பா பச்சைப் பெயிண்டில் எழுதியிருந்த எழுத்து ஒரு மூடியின் மேல் தெரிந்தது. "இதுதான்" என்று கைவைத்தேன். அப்பா குனிந்து பார்த்துவிட்டு, "மூடிதான் நம்முடையது, உள்ளே இருக்கிறது வேறு" என்றார். பட்டறையில் மூடிகள் மாறிப்போவது சாதாரணம். பெயிண்டை நம்பவே நம்பாதீர்கள்.

எண்தான் சாட்சி. படகில் என்ஜினைப் பொருத்தும் பிடியில் எண் தகடு இருக்கும். உப்புக்காற்றில் அது அரித்துப்போனால், பல அவுட்போர்டு என்ஜின்களில் மூடிக்கு அடியில், என்ஜின் உடம்பிலுள்ள வட்ட உலோக அடைப்பிலும் அதே எண்ணைப் பொறித்திருப்பார்கள். கம்பிப் பிரஷ் வேண்டாம், எழுத்தையே தேய்த்துவிடும். பழைய பல்துலக்கும் பிரஷ்ஷில் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்து, மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேயுங்கள். செல்பேசிப் படத்தைவிடத் தெளிவாக வந்தது. அந்த எண்ணை வாங்கிய பில்லோடும் படகுப் பதிவுச் சான்றோடும் ஒப்பிட்டுக் காட்டுங்கள். மானியத்தில் வாங்கியிருந்தால் மீன்வளத் துறை அலுவலகத்திலும் கேட்டுப் பாருங்கள்.

4. மனு

ஒரு பக்கம் போதும். பொருள், எண், கொடுத்த தேதி, "இது பழுதுபார்க்க ஒப்படைத்த என் பொருள், கடைக்காரரின் சொத்தில் சேராது, என்னிடம் திருப்பித் தரவும்" என்ற வரிகள். நேரில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். தபால் என்றால் ஸ்பீடு போஸ்டில் பதிவு செய்து, சேர்ந்ததற்கான சான்றுடன். வாட்ஸ்அப்பில் அனுப்பியதை நான் மனுவாகவே கருதுவதில்லை.

எங்களுக்கு ஒரு முட்டுக்கட்டை வந்தது. அந்தக் கடையில் பழைய என்ஜின் விற்பனையும் உண்டு. உரிமையாளர் சம்மதத்தோடு கடைக்காரர் தன் சொத்தைப் போலவே வைத்திருந்த சரக்கு அவருடையதாகவே கருதப்படும் என்று 1920ஆம் ஆண்டுச் சட்டத்தின் 28ஆம் பிரிவு சொல்வதால் ரிசீவர் தயங்கினார். "சர்வீஸ்" என்று எழுதிய பெயர்ப் பலகையின் படத்தையும் வேலைச் சீட்டையும் காட்டி, பழுதுபார்க்க வந்த பொருள் இது என்று விளக்கிய பிறகே ஒப்புக்கொண்டார்.

ரிசீவர் மறுத்துவிட்டால் 21 நாளுக்குள் நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டும் (1920ஆம் ஆண்டுச் சட்டம், 68ஆம் பிரிவு). பொருள் யாருடையது என்று தீர்மானிக்க அதே நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் ராமநாதபுரம் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம், தொலைபேசி 15100. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச உதவி உண்டு.

5. கூலி பாக்கி

வேலை முடிந்திருந்தால் அந்த வேலைக்கான கூலியைக் கொடுக்கும்வரை பொருளை நிறுத்திவைக்கும் உரிமை உண்டு (ஒப்பந்தச் சட்டம், 170). கொடுத்து ரசீது வாங்குங்கள். போன வருடத்துப் பாக்கிக்காக இந்த என்ஜினை நிறுத்திவைக்க முடியாது.

பிற்சேர்க்கை: தையல் இயந்திரம் வங்கி சீலுக்குள் இருப்பதாகக் கீழக்கரையிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருந்தார். வங்கி அதிகாரிக்கு இதே மனுவை உடனே கொடுங்கள் அம்மா. அவர் தராவிட்டால் மதுரையிலுள்ள கடன் வசூல் தீர்ப்பாயம்தான்; வங்கி கையகப்படுத்திய நாளிலிருந்து 45 நாள் கெடு. பில் இல்லை என்றீர்கள். இயந்திரத்தின் உடம்பில் பொறித்த எண்ணை எங்கேயாவது குறித்து வைத்திருக்கிறீர்களா, தவணையில் வாங்கிய அட்டை ஏதும் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள்.