மாதிரி டோக்கனிலிருந்து புதிய டோக்கன்: புரோட்டோடைப் முறை, படிப்படியாக

இராமேசுவரத்திலிருந்து கடலுக்குப் போகும் விசைப்படகுகளுக்கு டோக்கன் வழங்கும் மென்பொருள் ஒன்றைப் பைத்தானில் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். ஒரு நாளின் டோக்கன்கள் எல்லாவற்றிலும் தேதி, துறை (படகு புறப்படும் துறைமுகம்), விதிமுறைகள் ஆகியவை ஒன்றே. படகின் பதிவெண், டோக்கன் எண், ஆட்கள் பட்டியல் ஆகியவை மட்டுமே மாறுகின்றன. விதிமுறைகளை ஒவ்வொரு முறையும் தரவுத்தளத்திலிருந்து வாசித்துப் புதிதாகக் கட்டாமல், நிரப்பி வைத்த ஒரு மாதிரியை நகலெடுத்து, மாறுவதை மட்டும் மாற்றுவதே புரோட்டோடைப் முறை.

முதலில் டோக்கன் என்ற கிளாஸை எழுதி, காலையில் ஒரு மாதிரி ஆப்ஜெக்டை உருவாக்குங்கள். அதன் ஆட்கள் பட்டியல் வெறுமையாக இருக்கட்டும்.

இரண்டாவதாக, பைத்தானின் காப்பி மாட்யூலில் உள்ள காப்பி ஃபங்ஷனால் அதை நகலெடுத்துப் பாருங்கள். இது மேலோட்டமான நகல்: டோக்கன் புதியது, ஆனால் உள்ளே இருக்கும் பட்டியல் பழையதே. ஆகவே ஒரு படகின் பட்டியலில் அப்பெண்ட் மூலம் ஒருவரைச் சேர்த்தால், அவர் அன்றைய எல்லாப் படகுகளிலும் ஏறிவிடுவார். பதிவெண்ணுக்குப் புதிய மதிப்பு கொடுக்கும்போது இச்சிக்கல் எழாததால், பிழை எளிதில் கண்ணில் படாது.

உடனே, உள்ளிருப்பவை அனைத்தையும் நகலெடுக்கும் டீப்காப்பி ஃபங்ஷனுக்குத் தாவுவதும் சரியன்று. அது உள்ளிருக்கும் துறை ஆப்ஜெக்டையும் சேர்த்து நகலெடுத்துவிடும். பாம்பனில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டதும் நீங்கள் துறையின் எச்சரிக்கை நிலையை மாற்றினால், ஏற்கெனவே வழங்கிய டோக்கன்கள் தத்தம் பழைய நகலையே பார்த்துக்கொண்டிருக்கும். எதைப் பகிர வேண்டும், எதைப் பிரிக்க வேண்டும் என்பதை மொழி அறியாது. வடிவமைப்பவரே தீர்மானிக்க வேண்டும்.

எனவே மூன்றாவதாக, டோக்கன் கிளாஸிலேயே ‘நகல்’ என்றொரு மெத்தட் எழுதுங்கள். அது முதலில் மேலோட்டமான நகலை எடுத்து, அதில் ஆட்களுக்குப் புதிய வெற்றுப் பட்டியலை வைத்து, பதிவெண்ணையும் டோக்கன் எண்ணையும் அழித்துவிட்டு, துறையைத் தொடாமல் திருப்பித் தரட்டும். டோக்கன் எண்ணை அழிக்க மறந்தால் இரு படகுகள் ஒரே எண்ணுடன் கடலுக்குப் போகும்.

ஜாவாவில் இயல்பாகக் கிடைக்கும் குளோன் மெத்தடும் மேலோட்டமானதே என்பதால், அங்கும் இதே கவனம் தேவை. இரண்டு மூன்று எளிய மதிப்புகள் மட்டுமே கொண்ட ஆப்ஜெக்டுக்கு இந்த ஏற்பாடு வீண், ஆப்ஜெக்டைப் புதிதாக உருவாக்கும் கன்ஸ்ட்ரக்டரே போதும்.

கடைசியாகச் சோதனை. இரண்டு நகல்கள் எடுத்து, ஒன்றில் ஒருவரைச் சேர்த்து, மற்றதன் பட்டியல் வெறுமையாகவே இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு இரண்டின் துறையும் ஒரே ஆப்ஜெக்ட்தானா என்பதை ‘இஸ்’ கொண்டு ஒப்பிடுங்கள்.