படிக்காத பெரியவர்களுக்கு இரவு வகுப்பு நடத்துவது எப்படி: செப்டிமா கிளார்க் டீச்சர் காட்டிய வழி

படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு வகுப்பு எடுக்கக் கிளம்புகிறவர்கள் செய்யும் முதல் தப்பு, ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போவது. ஐம்பது வயசுக்காரரிடம் பூனைப் படத்தைக் காட்டினால் மறுநாள் வரமாட்டார். 1957 ஜனவரி 7-ம் தேதி ராத்திரி, அமெரிக்காவின் தெற்கு கரோலினா மாநிலத்தில் ஜான்ஸ் தீவில், கறுப்பின டீச்சர் செப்டிமா கிளார்க் பாடம் நடத்தத் தேர்ந்தெடுத்த பெர்னிஸ் ராபின்சனும் இதைத்தான் செய்தார். வந்திருந்த 14 பேரைப் பார்த்ததுமே இது ஆகாது என்று புரிந்து, கொண்டுபோனதை ஓரமாக வைத்துவிட்டு, "உங்களுக்கு என்ன கத்துக்கணும்?" என்று கேட்டார். கையெழுத்துப் போடணும், பைபிள் படிக்கணும், மணி ஆர்டர் எழுதணும், ஓட்டுப் போடணும் என்றார்கள். அதுவே பாடத்திட்டம் ஆனது. நீங்களும் முதல் நாள் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள்.

அந்த மாநிலத்தில் அப்போது வாக்காளராகப் பதிய மாநில அரசியலமைப்பிலிருந்து ஒரு பகுதியை வாசித்துக் காட்ட வேண்டியிருந்தது. கறுப்பின மக்களை வெளியே நிறுத்த அது வசதியான பூட்டு. அந்தத் தீவில் எசா ஜென்கின்ஸ் என்பவர் சார்ல்ஸ்டனுக்கு வேலைக்குப் போகிறவர்களைத் தன் பஸ்ஸில் ஏற்றிப் போகும்போதே அந்தப் பகுதிகளைச் சொல்லிக் கொடுத்தார். ஆலிஸ் வைன் என்ற பெண் அதைக் கேட்டுக் கேட்டே மனப்பாடம் செய்துவிட்டார், ஆனால் அவருக்கு நிஜமாகவே வாசிக்க வேண்டும். அந்த ஆசைக்கு வழி தேடித்தான் வகுப்பு வந்தது. வடிவமைத்தவர் செப்டிமா கிளார்க். 1916-ல் இதே தீவில் வாத்தியார் வேலையைத் தொடங்கியவர்.

சொல்லிக்கொடுக்க ஆள் தேடும்போது டீச்சர் பட்டம் வைத்திருக்கிறவரைத் தேடாதீர்கள். கிளார்க் தேர்ந்தெடுத்த பெர்னிஸ் அவருக்கு உறவுக்காரர். முடி அலங்காரமும் தையலும்தான் அவர் தொழில். தனக்கு வராது என்றுதான் முதலில் சொன்னார். ஆனால் வாடிக்கையாளர் எல்லாம் கறுப்பினப் பெண்கள், அதனால் எந்த வெள்ளை முதலாளியும் அவரை வேலையை விட்டுத் தூக்க முடியாது. அதோடு, தப்பாக எழுதினால் அதட்டுகிற வாத்தியார் பழக்கமும் அவரிடம் இல்லை.

இடம்? முன்னால் கூட்டுறவு மளிகைக்கடை, பின்னால் வகுப்பு. வேவு பார்க்கிற வெள்ளையர் கண்ணுக்குக் கடை மட்டும்தான் தெரியும். காலம், வயல் வேலை குறைந்த குளிர்கால மாதங்கள், வாரம் இரண்டு ராத்திரி. அறுவடை நேரத்தில் வகுப்பு வைத்துவிட்டு யாரும் வரவில்லை என்று புலம்பாதீர்கள்.

அப்புறம் பென்சில் விஷயம். ஏர் பிடித்த கை பென்சிலை அழுத்திப் பிடித்தால் படக்கென்று ஒடியும், பிடித்தவர் கூச்சத்தில் சுருங்கிப் போவார். ஒடிந்தால் ஒன்றும் சொல்லாமல் அடுத்ததை நீட்டுங்கள், கூடுதலாக ஒரு டஜன் வாங்கி வைத்திருங்கள். கையெழுத்துக்கு, அவர் பெயரை அட்டையில் பெரிதாக எழுதிக் கொடுத்து அதன் மேலேயே திரும்பத் திரும்ப எழுதச் சொல்வார்கள், எழுத்தின் வளைவு கைக்குப் பழகும்வரை.

ஆள் சேர்க்கக் கடிதம் அனுப்புவதை மட்டும் நம்பாதீர்கள். இது கிளார்க் பட்டுத் தெரிந்துகொண்டது. 1956-ல், அரசு ஊழியர் கறுப்பின உரிமைச் சங்கத்தில் உறுப்பினராக இருக்கக் கூடாது என்று மாநிலம் சட்டம் போட்டபோது, எதிர்க்கச் சொல்லி 726 கறுப்பின ஆசிரியர்களுக்குக் கடிதம் எழுதினார். பதில் போட்டவர்கள் 26 பேர். கோழைகள் என்று அவர்களைத் திட்டவில்லை, அவர்களைத் தயார் செய்யாமலே இழுக்கப் பார்த்தது தன் தவறு என்றார். எனக்கு அவரிடம் ரொம்பப் பிடித்தது இதுதான். அதனால் முதலில் வீட்டுக்குப் போங்கள், திண்ணையில் உட்காருங்கள், பேசுங்கள்.

நீங்கள் சம்பளக்காரர் என்றால் இன்னொன்று, வீட்டில் வரவு செலவைப் பேசிவிட்டு இறங்குங்கள். சங்கத்தை விட மறுத்த கிளார்க்குக்கு நாற்பது வருஷ வேலையும் போனது, பென்ஷனும் போனது. பென்ஷனை மாநில ஆளுநர் திருப்பிக் கொடுத்தது 1976-ல். அதற்குள் டீச்சருக்கு வயசு எண்பதை நெருங்கிவிட்டது.