லேப்ராஸ்கோப்பில குடல் ஆபரேஷன் ஆனவங்கள சீக்கிரம் தேத்துறது எப்படி

நாலு சின்ன ஓட்டை தானே போட்டாங்க, ரெண்டு நாள்ல ஆபீஸ் போயிடலாம்னு ஒரு கூட்டம் சொல்லும். இன்னொரு கூட்டம் ஆளை அசையவே விடாம படுக்கப் போட்டு, தையல் பிரிஞ்சிடும்னு பயமுறுத்தி, மாசக்கணக்குல வெறும் கஞ்சி ஊத்தும். ரெண்டுமே சரியில்ல. வெளிய தழும்பு சின்னது தான், ஆனா உள்ள குடல்ல ஒரு பகுதிய வெட்டி எடுத்துட்டு மீதிய சேர்த்து வச்சிருக்காங்க, அது பெரிய ஆபரேஷன் தான். அதுக்காக படுத்தே கிடந்தா நெஞ்சுல சளி கட்டும், கால்ல ரத்தம் உறையும், குடலும் வேலைய ஆரம்பிக்க லேட்டாகும். ஹென்ரிக் கெலெட்னு டென்மார்க் சர்ஜன் ஒருத்தர், சீக்கிரம் சாப்பாடு, சீக்கிரம் நடை, மார்ஃபின் வகை வலி மருந்த குறைக்கிறதுன்னு எல்லாத்தையும் சேர்த்து 1990கள்லயே செஞ்சு காட்டினார், ஆபரேஷன் ஆனவங்கள சீக்கிரம் தேத்துறதுக்கு இப்ப டாக்டருங்க ஈராஸ்னு (ERAS) சொல்ற முறை அதுல இருந்து வந்தது தான். இதுல பாதி வேலை கூட இருக்கற அட்டெண்டர் கையில இருக்கு, அதனால இத அவங்களுக்காக தான் எழுதறேன்.

ஆபரேஷனுக்கு டைம் இருந்தா சிகரெட்ட ஒரு 4 வாரம் முன்னாடியே நிறுத்தணும், ஹீமோகுளோபின் கம்மியா இருந்தா ஏத்தணும், சுகர கன்ட்ரோல்ல வைக்கணும், தினம் நடக்கணும். முதல் நாள் ராத்திரில இருந்தே பச்சத் தண்ணி கூட கூடாதுங்கறது பழைய கதை, பொதுவா சாப்பாடுன்னா 6 மணி நேரம், தண்ணின்னா 2 மணி நேரம் முன்னாடி வரைக்கும் விடறாங்க. பால் ஊத்தின காபி தண்ணி கணக்குல வராது! சுகர் பேஷன்ட், வயிறு மெதுவா காலியாகறவங்களுக்கு எல்லாம் மாறும், அதனால மயக்க மருந்து டாக்டர் சொல்ற நேரம் தான் ஃபைனல்.

ஆபரேஷன் முடிஞ்சதும் டாக்டர் ஓகே சொன்னா அன்னிக்கே சேர்ல உக்கார வைங்க, மறுநாள் வார்டு வராண்டால கொஞ்சம் கொஞ்சமா, ஒரு நாளைக்கு பல தடவை நடக்க விடுங்க. எழும்போது நேரா எழக்கூடாது, ஒரு பக்கமா ஒருக்களிச்சு, கைய ஊனி எழணும். இருமல் வந்தா ஒரு தலகாணிய வயித்து மேல அழுத்திப் பிடிச்சுக்கிட்டு இருமணும். மூணு குட்டி பந்து இருக்கற ஸ்பைரோமீட்டர்னு ஒரு மூச்சுப் பயிற்சி கருவி குடுப்பாங்க, நிறைய பேர் அத வாயில வச்சு ஊதிட்டு இருப்பாங்க, பாக்க வந்த பேரப்பிள்ளையும் வாங்கி ஊதும். அது ஊதறதுக்கு இல்லங்க, மூச்ச மெதுவா உள்ள இழுத்து பந்த மேல தூக்கி கொஞ்ச நேரம் நிறுத்தறதுக்கு. முழிச்சிருக்கும்போது மணிக்கு ஒரு 10 தடவை செய்ய வைங்க.

தோள்பட்ட வலிக்குதுன்னா உடனே ஹார்ட் அட்டாக்னு பதற வேணாம், பெரும்பாலும் ஆபரேஷன்ல வயித்த உப்ப வைக்க விட்ட கார்பன் டை ஆக்ஸைடு வாயு, நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல இருக்கற உதரவிதானத்த உறுத்தறதால வர்ற வலி அது, சில நாள்ல போயிடும், நடந்தா சீக்கிரமே குறையும். ஆனா மூச்சு வாங்கினாலோ நெஞ்ச அடைச்சாலோ நர்ஸ கூப்பிட்டுடுங்க.

வலி மாத்திரைய வலி வந்தப்புறம் இல்ல, சொன்ன டைமுக்கு போடணும், வலி இருந்தா யாரும் நடக்க மாட்டாங்க. மெடிக்கல்ல நீங்களா வேற பெயின் கில்லர் வாங்கிக் குடுக்காதீங்க.

சாப்பாடு தான் எங்க வீட்டு சண்டையே. ரவுண்ட்ஸ்ல டாக்டர் தினம் கேக்கறது கேஸ் பிரிஞ்சுதா, மோஷன் போச்சான்னு தான், ஆனா அதுக்காக பட்டினி போட வேண்டியதில்ல, பெரும்பாலான பேருக்கு சீக்கிரமே தண்ணி, அப்புறம் லேசான சாப்பாடுன்னு ஆரம்பிச்சுடறாங்க. சர்க்கரை இல்லாத சூயிங்கம் மெல்ல சொல்லலாம், சாப்பாடு வருதுன்னு குடல் வேலைய ஆரம்பிக்கும். இட்லி, இடியாப்பம், குழைஞ்ச மோர் சாதம், வெந்த முட்டைன்னு கொஞ்சம் கொஞ்சமா அடிக்கடி குடுங்க, புரதம் கண்டிப்பா வேணும், வெறும் கஞ்சில புண் ஆறாது. முதல் சில வாரம் கீரைத்தண்டு, முருங்கைக்காய், சுண்டல், பச்சக் காய் வேணாம். வயிறு உப்பி வாந்தி வந்தா நிறுத்திட்டு உடனே சொல்லுங்க.

வீட்டுக்கு வந்தப்புறம், லிஃப்ட் இல்லாத ஃபிளாட்டா இருந்தாலும் பரவால்ல, மெதுவா படி ஏறலாம். 20 லிட்டர் தண்ணி கேன், கேஸ் சிலிண்டர் பக்கம் மட்டும் ஒரு 6 வாரம் போகவே கூடாது. நம்ம ஊர் வெயிலுக்கு தண்ணி நல்லா குடிக்கணும், ஸ்டோமா (குடல வயித்து வழியா வெளிய கொண்டு வந்து பை மாட்டறது) வச்சவங்களுக்கு நீர் சீக்கிரம் வத்திடும், பை அடிக்கடி ரொம்பி ஒண்ணுக்கு மஞ்சளா கம்மியா போனா டாக்டர்கிட்ட பேசுங்க. பைக்க சடன் பிரேக் அடிச்சா வலிக்காதுங்கற நிலைமை வந்து, டாக்டரும் சரின்னப்புறம் எடுங்க. கேன்சருக்கு பண்ண ஆபரேஷன்னா ரத்தம் உறையாம இருக்க ஊசி 4 வாரம் வரைக்கும் கூட எழுதுவாங்க, நல்லா நடக்கறாரேன்னு நடுவுல நிறுத்தாதீங்க.

காய்ச்சல், குறையாம ஏறிட்டே போற வயித்து வலி, படபடன்னு நாடி, விடாத வாந்தி, காயத்துல சீழ், ஒரு கால் மட்டும் வீங்கறது, இதுல எது வந்தாலும் தெருமுனை கிளினிக்ல ஊசி போட்டுட்டு வந்து படுக்க வைக்காதீங்க. குடல சேர்த்த இடம் கசியறது பெரும்பாலும் முதல் ரெண்டு வாரத்துக்குள்ள தெரியும், அதுக்குள்ள டிஸ்சார்ஜே ஆகியிருக்கலாம். ஆபரேஷன் பண்ண டாக்டர் டீமுக்கு போன் போடுங்க, ராத்திரின்னா நேரா கேஷுவாலிட்டி, வண்டி இல்லன்னா 108. போகும்போது டிஸ்சார்ஜ் சம்மரிய எடுத்துட்டு போங்க, டூட்டி டாக்டர் முதல்ல கேக்கறது அத தான்.