பின்லாந்துப் புராணப் படங்கள்: பார்ப்பவர்களும் எழுதுபவர்களும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பின்லாந்துப் புராணத்தை வைத்து எடுத்த படங்களைத் தேடினால் விரல்விட்டு எண்ணிவிடலாம். அந்தக் கொஞ்சப் படங்களையும் பார்த்துவிட்டு "கதை புரியவில்லை", "சண்டையே இல்லை", "மூலத்தைக் கெடுத்துவிட்டார்கள்" என்று சொல்பவர்கள் நிறைய. பேசிப் பார்த்தால் பாதிக் குறைகள் படம் பார்த்த விதத்தில் வந்தவை. ஒரே மாதிரித் தவறுகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன, அதனால் அவற்றை எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

முதலில், எந்தப் பிரதியைப் பார்க்கிறீர்கள் என்று பாருங்கள். இந்த வகையில் முக்கியமான படம் 1959-ல் வந்த 'சம்போ'. சோவியத் யூனியனின் மோஸ்ஃபிலிமும் பின்லாந்தின் சுவோமி-ஃபிலிமியும் சேர்ந்து எடுத்தது. இயக்குநர் அலெக்சாந்தர் புதுஷ்கோ, பொம்மைகளை அசைத்துப் படமெடுப்பதில் ஆரம்பித்து ரஷ்ய வீரக்கதைகளைப் பிரம்மாண்டமாக எடுத்த மனிதர். இந்தப் படத்தை 1960-களில் அமெரிக்காவில் வாங்கி, நீளத்தை வெட்டி, ஆங்கிலத்தில் டப் செய்து, இயக்குநர் பெயரையே மாற்றி, 'த டே தி எர்த் ஃப்ரோஸ்' என்று வெளியிட்டார்கள். 1993-ல் ஒரு அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் அந்த வெட்டுப் பிரதியைப் போட்டுக் காட்டிக் கிண்டல் செய்ததில், படத்துக்கே 'மட்டமான பழைய படம்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. இணையத்தில் தேடினால் இன்றும் சுலபமாகக் கையில் சிக்குவது இந்தப் பிரதிதான். இதைப் பார்த்துவிட்டு 'சம்போ'வைப் பற்றி எழுதாதீர்கள். முழு நீளப் பிரதி கிடைக்கும்வரை காத்திருக்கலாம். நிறம், பனி, கடல், பிரம்மாண்டமான செட் எல்லாமே அதில் வேறு ரகம்.

அடுத்தது, "மூலத்தை மாற்றிவிட்டார்கள்" என்ற புகார். சரி, மாற்றித்தான் இருக்கிறார்கள். 'சம்போ' படத்தில் இளம் நாயகன் லெம்மின்கைனனுக்கும் கொல்லன் இல்மரினனின் தங்கை அன்னிக்கிக்கும் காதல், அவளை வடநாட்டுத் தலைவி லொவ்ஹி கடத்திக்கொண்டு போகிறாள், அவளை மீட்பதற்கு விலையாகத்தான் சம்போ என்ற அதிசய ஆலையை இல்மரினன் செய்து கொடுக்கிறான். படத்துக்கு மூலம் பின்லாந்தின் புராணக் காவியமான கலேவலா. அதில் இந்தக் காதலும் கிடையாது, இந்தக் கடத்தலும் கிடையாது. அங்கே இல்மரினன் சம்போவைச் செய்வது லொவ்ஹியின் மகளைக் கைப்பிடிக்கும் ஆசையில். பாம்புகள் நெளியும் வயலை உழும் சோதனையும் காவியத்தில் இல்மரினனுக்கு உரியது, படம் அதை லெம்மின்கைனனிடம் கொடுத்துவிட்டது.

ஆனால் இதைக் குற்றமாகச் சொல்வதற்கு முன், அந்த 'மூலம்' எப்படி உருவானது என்று தெரிந்துகொள்ள வேண்டும். கலேவலா ஏதோ ஆயிரம் வருட ஓலைச்சுவடியில் கிடைத்த காவியம் அல்ல. எலியாஸ் லொன்ரொத் என்ற மருத்துவர், பின்லாந்தின் கிழக்கு எல்லையிலும் அதைத் தாண்டி ரஷ்யாவுக்குள் இருக்கும் கரேலியாவிலும் ஊர் ஊராக நடந்து, பாடகர்கள் வாய்மொழியாகப் பாடியதைக் கேட்டு எழுதி, தனித்தனிப் பாடல்களாக இருந்தவற்றை ஒரே கதையாகக் கோத்து 1835-ல் வெளியிட்டார். அதையே விரித்து 1849-ல் 50 பாடல்கள், 22,795 அடிகள் கொண்ட பதிப்பாக்கினார். இன்று எல்லோரும் படிப்பது இந்த இரண்டாவது பதிப்பைத்தான். அடிகளில் பெரும்பாலானவை பாடகர்களுடையவை, கோத்த வரிசை லொன்ரொத்துடையது. ஒரு ஊரில் ஒருவன் செய்ததாகப் பாடப்பட்ட செயலை இன்னொரு ஊரில் இன்னொருவன் செய்ததாகப் பாடுவார்கள், அவற்றில் எதை யார் கணக்கில் எழுதுவது என்று முடிவு செய்தவர் அவர். அவருக்கு 110 வருடம் கழித்து வந்த ஒரு திரைக்கதை அதே வேலையைச் செய்யும்போது மட்டும் துரோகம் என்று கத்துவதில் நியாயம் இல்லை. மாற்றம் நன்றாக இருக்கிறதா, கதைக்கு உயிர் கொடுக்கிறதா என்று கேளுங்கள். கடத்தல் கதை எனக்குப் பிடிக்கவில்லை, ஏனென்றால் அது லொவ்ஹியைக் கெடுக்கிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இன்னொரு பெரிய தவறு, இந்தப் படங்களில் வாளை எதிர்பார்ப்பது. தாடி, பனி, படகு, வடக்கு என்றதும் வைக்கிங் படம் என்று நினைத்து உட்கார்ந்தால் ஏமாற்றம்தான். கலேவலாவின் தலைமை நாயகன் வைனாமொயினன் பிறக்கும்போதே கிழவன், அவனுடைய ஆயுதம் பாட்டு. மூன்றாம் பாடலில் யொவுகாஹைனன் என்ற இளவட்டம் வழியில் மறித்து, அறிவுப் போட்டியில் தோற்று, வாளை உருவிக்கொண்டு சண்டைக்கு நிற்கிறான். கிழவன் வாளைத் தொடவே இல்லை, பாட ஆரம்பிக்கிறான். பாடப் பாட அந்த இளைஞனின் வாள் வானத்தில் மின்னலாகிறது, வில் நீர்மேல் வானவில்லாகிறது, தொப்பி மேகமாகிறது, அம்புகள் பருந்துகளாகிப் பறந்துவிடுகின்றன. கடைசியில் ஆளே இடுப்பளவு, பிறகு அக்குள் அளவு சதுப்புச் சேற்றில் இறங்கிக்கொண்டிருக்கிறான். தப்பிக்க வழி தெரியாமல் தன் தங்கை ஐனோவைக் கட்டிக் கொடுப்பதாக வாக்குக் கொடுக்கிறான், அவளோ கிழவனுக்கு மனைவியாவதைவிடச் சாவதே மேல் என்று கலங்கிப்போய்த் தண்ணீரில் மூழ்கிவிடுகிறாள். ஒரு பாட்டுச் சண்டையின் விளைவு அடுத்த வீட்டுப் பெண்ணின் உயிர்வரை போகிறது. இதைப் படமாக்க வாள்வீச்சுப் பயிற்சியாளர் தேவையில்லை, அந்தப் பாட்டை நம்பும் இயக்குநர்தான் தேவை.

இதே எண்ணம் இன்னும் ஆழமாக வருவது எட்டாம், ஒன்பதாம் பாடல்களில். வைனாமொயினன் படகு செதுக்கும்போது கோடாரி நழுவி முழங்காலில் வெட்டிவிடுகிறது, ரத்தம் நிற்கவில்லை. மந்திரம் தெரிந்த கிழவன்தான், ஆனால் இரும்பைக் கட்டும் மந்திரத்தில் சில முக்கிய வார்த்தைகள் மறந்துபோயிற்று. ஒரு பொருளின் பிறப்பைச் சொல்லத் தெரிந்தவனுக்குத்தான் அது கட்டுப்படும் என்பது இந்தப் புராணத்தின் அடிப்படை விதி. வீடு வீடாகப் போய்க் கேட்டு, கடைசியில் ஒரு முதியவரிடம் வைனாமொயினனே இரும்பின் பிறப்புக் கதை முழுவதையும் சொல்லி, அவர் மந்திரம் சொன்ன பிறகுதான் ரத்தம் நிற்கிறது. இந்த விதி தெரியாமல் படம் பார்த்தால், ஆபத்தான நேரத்தில் ஒரு ஆள் நின்றுகொண்டு கதை சொல்வது சலிப்பாகத்தான் தெரியும். தெரிந்துவிட்டால் அதுதான் உச்சக்கட்டம். 'சம்போ' படம் இதைப் புரிந்துகொண்ட இடம் ஒன்று உண்டு: லொவ்ஹியிடம் சூரியனைப் பறிகொடுத்த மக்கள் வாளுக்குப் பதில் கந்தலே என்ற நரம்பு வாத்தியங்களைச் செய்து எடுத்துக்கொண்டு போகிறார்கள், இசையில் வடநாட்டுப் படை தூங்கி விழுகிறது. காவியத்தில் இந்தத் தூக்கம் சம்போவைத் திருடும்போது வருவது, இடம் மாறினாலும் சாரம் அப்படியே இருக்கிறது. படத்தின் மிகச் சிறந்த பகுதி அதுதான் என்பேன்.

இதனாலேயே டப்பிங்கில் பார்க்காதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். கலேவலா அடி ஒவ்வொன்றும் பெரும்பாலும் எட்டு அசை, உள்ளே மோனை அடுக்கிக்கொண்டே போகும், ஒரு அடியில் சொன்னதை அடுத்த அடி வேறு வார்த்தையில் சொல்லும். அந்த ஓசை காதில் விழாமல் வசன வரியை மட்டும் படித்தால் "ஏன் ஒரே விஷயத்தை இரண்டு முறை சொல்கிறார்கள்" என்று தோன்றும். பின்லாந்து மொழியில் கேளுங்கள், புரியாவிட்டாலும் பரவாயில்லை.

இப்போது லொவ்ஹி. இவளைச் சூனியக்காரக் கிழவி என்று ஒரே வார்த்தையில் முடிப்பதுதான் எனக்கு மிகவும் கோபம் வரும் தவறு. படங்கள் இதற்குத் துணை போகின்றன, விமர்சனங்கள் அதை அப்படியே வாங்கி எழுதுகின்றன. காவியத்தைத் திறந்து பாருங்கள். கடலில் அலைக்கழிந்து, கழுகு ஒன்று கொண்டுவந்து விட்ட கரையில் அழுதுகொண்டிருந்த வைனாமொயினனைக் கூட்டிப்போய்ச் சோறு போட்டு உடம்பைத் தேற்றியவள் லொவ்ஹி. ஊருக்கு அனுப்பி வைக்கிறேன், பதிலுக்குச் சம்போ செய்து கொடு என்கிறாள். வைனாமொயினன் தன் நண்பன் இல்மரினனை ஏமாற்றி அனுப்பி வைக்கிறான், அவன் செய்து கொடுக்கிறான், மகளும் பிற்பாடு அவனுக்கே மனைவியாகிறாள். கணக்கு நேராகத்தான் இருந்தது. அந்த மகள் இறந்துபோன பிறகு, வடநாடு சம்போவால் செழித்திருப்பதைப் பார்த்துப் பொறாமைப்பட்ட இதே நாயகர்கள் படகேறிப் போய்ப் பங்கு கேட்கிறார்கள். முடியாது என்கிறாள் லொவ்ஹி. ஊரையே கந்தலே வாசித்துத் தூங்க வைத்துவிட்டு, ஒன்பது பூட்டுப் போட்ட மலைக்குள் நுழைகிறார்கள். கதவு கிறீச்சிடக் கூடாது என்று இல்மரினன் பூட்டில் வெண்ணெயும் கீலில் கொழுப்பும் தடவுகிறான். வீரர்கள் கீலுக்கு எண்ணெய் போடும் திருட்டு இது! திரும்பும் வழியில் லெம்மின்கைனன் சந்தோஷத்தில் கரகரத்த குரலில் பாட, பயந்துபோன கொக்கு ஒன்று அலறிக்கொண்டு வடநாட்டுக்குப் பறக்க, ஊர் விழித்துவிடுகிறது. லொவ்ஹி துரத்தி வந்து, கப்பல் பாறையில் உடைந்ததும் அரிவாள்களை நகமாகவும் கப்பல் பலகைகளைச் சிறகாகவும் சுக்கானை வாலாகவும் கட்டிக்கொண்டு கழுகாக எழும்புகிறாள். பொருளைப் பறிகொடுத்தவள் கிளப்பும் கழுகு அது. பிற்பாடு நோய்களை ஏவுகிறாள், சூரியனையும் சந்திரனையும் மறைக்கிறாள், அதையெல்லாம் நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் படத்தில் கடத்தலைச் சேர்த்தவுடன் முதல் குற்றம் அவள் தலையில் விழுந்துவிடுகிறது, நாயகர்கள் கை கழுவிக்கொள்கிறார்கள். கதையின் கனமே போய்விடுகிறது.

சம்போ என்றால் என்ன என்று படம் சொல்லியே ஆக வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் வேண்டாம். ஒரு பக்கம் மாவு, ஒரு பக்கம் உப்பு, ஒரு பக்கம் பணம் அரைக்கும் ஆலை, மேலே வேலைப்பாடு செய்த மூடி என்று பத்தாம் பாடல் சொல்கிறது. அதற்கு மேல் உருவம் தெளிவில்லை. உலகைத் தாங்கும் தூண், நாணயம் அடிக்கும் அச்சு என்று அறிஞர்கள் பல விதமாக வாசித்திருக்கிறார்கள், ஒரு முடிவும் இல்லை. 2006-ல் வந்த 'ஜேட் வாரியர்' இந்தத் தெளிவின்மையைத்தான் பிடித்துக்கொண்டது: அன்டி-யுஸ்ஸி அன்னிலா இயக்கிய பின்லாந்து-சீனக் கூட்டுத் தயாரிப்பு, இன்றைய பின்லாந்தில் ஒரு கொல்லன், பழைய சீனாவில் ஒரு போர்வீரன், நடுவில் சம்போ. துணிச்சலான யோசனை, படம் முழுக்கக் கைகூடவில்லை என்பது என் கருத்து, ஆனாலும் "சீனாவுக்கும் கலேவலாவுக்கும் என்ன சம்பந்தம்" என்று முதல் பத்து நிமிடத்தில் நிறுத்திவிடாதீர்கள்.

வேறு பண்பாடுகளோடு குழப்பிக்கொள்வதையும் சொல்ல வேண்டும். ஓடின், தோர் எல்லாம் பின்லாந்துத் தெய்வங்கள் அல்ல, இங்கே இடிக்கடவுள் உக்கோ. மொழியும் வேறு குடும்பம், சுவீடனும் நார்வேயும் பக்கத்து வீடு என்பதால் புராணம் ஒன்றாகிவிடாது. ஆங்கில எழுத்தாளர் டோல்கீன் கலேவலாவில் வரும் குல்லர்வோ என்பவனின் கதையில் மயங்கித் தன் தூரின் கதைக்கு அதிலிருந்து எடுத்துக்கொண்டார் என்பது உண்மை, அதை வைத்து 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' படங்களைக் கலேவலாத் தழுவல் பட்டியலில் சேர்ப்பது தவறு, அந்தப் படங்கள் தூரின் கதையைச் சொல்லவே இல்லை. 2010-ன் 'ரேர் எக்ஸ்போர்ட்ஸ்' கிறிஸ்துமஸ் கிழவனைப் பற்றிய நாட்டார் நம்பிக்கையில் எழுந்தது, அதுவும் கலேவலா இல்லை.

இதில் உண்மையாகவே கவனம் வேண்டிய படம் 1952-ன் 'வெள்ளைக் கலைமான்'. எரிக் புளும்பெரி இயக்க, மிர்யாமி குவோஸ்மனென் நடித்து, 1953-ல் கான் விழாவில் பரிசு வாங்கிய அற்புதமான கறுப்பு-வெள்ளைப் படம். கணவனின் அன்புக்காக மந்திரவாதியைத் தேடிப் போன பெண், ஆண்களைப் பனிவெளிக்கு இழுத்துச் செல்லும் வெள்ளைக் கலைமானாக மாறுகிறாள். அதன் உலகம் வடக்கே லாப்லாந்தில் வாழும் சாமி இன மக்களுடையது. நார்வே, சுவீடன், பின்லாந்து, ரஷ்யா நான்கிலும் பரவி வாழும், தனி மொழிகளும் தனி நம்பிக்கைகளும் கொண்ட அந்த மக்களை, பின்லாந்துக்காரர்கள் நடித்து, பின்லாந்துக்காரர்களின் கற்பனையில் காட்டியது இந்தப் படம். ஆகவே இதைப் பின்லாந்துப் புராணம் என்றும் எழுத வேண்டாம், சாமி மக்களின் உண்மையான நம்பிக்கை என்றும் எழுத வேண்டாம். அவர்களை 'லாப்' என்று குறிப்பிடும் பழைய வழக்கத்தையும் விட்டுவிடுங்கள், அது அவர்களைப் புண்படுத்தும் சொல்.

எங்கிருந்து ஆரம்பிப்பது என்று கேட்டால், படத்துக்கு முன்னால் புத்தகம். நமக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது: பின்லாந்தில் வாழ்ந்த ஈழத்து எழுத்தாளர் உதயணன், அதாவது ஆர். சிவலிங்கம், கலேவலா முழுவதையும் தமிழில் மொழிபெயர்த்து 1994-ல் வெளியிட்டார், பின்லாந்து அறிஞர் அஸ்கோ பார்ப்பொலாவின் அறிமுகத்தோடு. 50 பாடல்களும் படிக்க நேரமில்லை என்றால் 3, 7 முதல் 10 வரை, அப்புறம் 42, 43 மட்டும் படியுங்கள். அதன் பிறகு 'சம்போ' முழுப் பிரதி. பிறகு 1982-ல் பின்லாந்துத் தொலைக்காட்சிக்காகப் பாவோ ஹாவிக்கோ எழுத, கல்லே ஹோல்ம்பெரி இயக்கிய 'ரவுத்தா-ஐகா' என்ற நான்கு பகுதித் தொடர். இதில் நாயகர்கள் எல்லோரும் ஆசையும் களைப்பும் உள்ள சாதாரண மனிதர்கள். மனைவியை இழந்த இல்மரினன் தங்கத்தில் ஒரு பெண்ணைச் செய்துகொள்ளும் பகுதியை மட்டுமாவது பாருங்கள். 'ஜேட் வாரியர்' கடைசியில் போதும்.