ஊருக்குப் போகிறீர்களா? முதலில் எடையைக் கணக்கிடுங்கள், பிறகு டிக்கெட் விலையைப் பாருங்கள்

டிசம்பரிலோ ஜூலையிலோ வெளிநாட்டிலிருந்து ஊருக்குப் புறப்படும் எந்தத் தமிழ்க் குடும்பமும் வெறுங்கையோடு போவதில்லை. போகும்போது அக்கா பிள்ளைகளுக்குச் சாக்லேட்டும் சப்பாத்தும், பெரியம்மாவுக்குச் சத்து மாத்திரையும், அயல் வீட்டாருக்கு ஏதாவது ஒன்றும் பெட்டியை நிரப்பிவிடும். திரும்பும்போது வறுத்து இடித்த மிளகாய்த்தூள், ஒடியல், பனங்கட்டி, கருவாடு, பட்டுச்சேலை, யாரோ யாருக்கோ கொடுத்தனுப்பிய பலகாரப் பொதி என்று சுமை இன்னும் கூடும். குறைந்த கட்டண விமான நிறுவனங்கள் கணக்குப் போடுவதோ இதற்கு நேர் எதிரான பயணியை வைத்து. ஒரு தோள்பையோடு வந்து, கிடைத்த இருக்கையில் உட்கார்ந்து, ஒன்றும் கேட்காமல் இறங்கிப்போகும் தனி ஆள் அவர். அவருக்கு அந்த டிக்கெட் உண்மையிலேயே மலிவு. நான்கு பேராய்ப் போகும் நமக்கு அது பெரும்பாலும் மலிவாக இருப்பதில்லை.

ஆகவே விலை ஒப்பிடும் தளத்தைத் திறப்பதற்கு முன் ஒரு தாளில் எழுதுங்கள்: எத்தனை பேர், போகும்போது எத்தனை கிலோ, வரும்போது எத்தனை கிலோ. பிறகு ஒவ்வொரு நிறுவனத்தின் சொந்தத் தளத்திலும் அந்த எடையைச் சேர்த்து, பணம் செலுத்தும் பக்கம் வரை போய், அங்கே நிற்கும் தொகையைக் குறித்துக்கொள்ளுங்கள். முதல் பக்கத்தில் தெரிகிற விலையை ஒப்பிடுவதில் பயனே இல்லை. ஐரோப்பாவிலிருந்து போகும் வழக்கமான விமானங்களில் 25 முதல் 30 கிலோ வரையோ 23 கிலோப் பெட்டி ஒன்றோ டிக்கெட்டிலேயே அடங்கியிருந்த காலம் ஒன்று இருந்தது. இப்போது அந்தப் பெரிய நிறுவனங்களும் பெட்டியே இல்லாத 'லைட்', 'பேசிக்' கட்டணங்களை நீண்ட தூரப் பயணங்களுக்கும் விற்கின்றன. பெயர் பெரியது என்பதற்காகப் பெட்டி உண்டு என்று எண்ணிவிடாதீர்கள்.

எடைக் கணக்கு இரண்டு வகை. சில நிறுவனங்கள் மொத்த எடையைப் பார்க்கும். சில பெட்டிகளின் எண்ணிக்கையைப் பார்க்கும். எண்ணிக்கை முறையில் 23 கிலோப் பெட்டி இரண்டு என்றால், ஒன்றில் 26, மற்றதில் 18 என்று கொண்டுபோய் மொத்தம் குறைவுதானே என்று வாதாட முடியாது. மொத்த எடை முறையிலும் தனியொரு பெட்டி 32 கிலோவைத் தாண்டினால் பொதுவாக ஏற்கமாட்டார்கள். கூடுதல் எடை வேண்டுமென்றால் முன்கூட்டியே இணையத்தில் வாங்குங்கள். அதே எடையைக் கவுன்ட்டரில் கேட்டால் கிலோ ஒன்றுக்கு வாங்கும் பணம் பல மடங்கு. கையில் தூக்கிப் பிடித்து நிறுக்கும் சிறிய தராசு ஒன்று வாங்கி வைத்தால், முதல் பயணத்திலேயே அதன் விலை திரும்பிவிடும். திரும்பும் பயணத்துக்கும் அதை எடுத்துப் போங்கள். ஊரில் பெட்டி கட்டும்போதுதான் அது அதிகம் தேவைப்படும்.

தனித்தனி டிக்கெட் என்னும் பொறி

நம் மக்கள் அதிகம் பணம் இழப்பது இங்கேதான். லண்டனிலிருந்தோ டொரன்டோவிலிருந்தோ சென்னை வரைக்கும் ஒரு டிக்கெட். சென்னையிலிருந்து மதுரைக்கோ தூத்துக்குடிக்கோ மலிவு நிறுவனத்தில் இன்னொரு டிக்கெட். முதல் டிக்கெட்டில் 46 கிலோ கொண்டுவரலாம். இரண்டாவது டிக்கெட்டில் உள்நாட்டுப் பயணிக்குரிய 15 கிலோதான். மிச்சம் 31 கிலோவுக்கும் கிலோக் கணக்கில் பணம் கட்ட வேண்டும். இரவெல்லாம் பறந்து வந்த முதியவர்கள் சென்னை உள்நாட்டு முனையத்தின் தரையில் பெட்டியைத் திறந்து, எதை விடுவது எதை எடுப்பது என்று தெரியாமல் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். பேரப்பிள்ளைகளுக்கு வாங்கிய சாமான்களை யாரென்றே தெரியாதவர்களிடம் கொடுத்துவிட்டுப் போக வேண்டிய நிலை அது. அவர்களுக்கு இதை முன்பே சொல்ல ஒருவரும் இல்லை என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

இதைத் தவிர்க்க வழிகள் உண்டு. சொந்த ஊர் விமான நிலையம் வரைக்கும் ஒரே முன்பதிவு எண்ணில் டிக்கெட் எடுத்தால், வெளிநாட்டுப் பயணத்துக்கான எடையே உள்நாட்டுப் பகுதிக்கும் பொதுவாகச் செல்லும். டிக்கெட்டில் ஒவ்வொரு பகுதிக்கும் எதிரே அச்சிட்டிருக்கும் எடையைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். சென்னையைத் தொடாமலே திருச்சிக்கோ மதுரைக்கோ போக முடியுமா என்றும் பாருங்கள். ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸ் கொழும்பிலிருந்து இரண்டுக்கும் பறக்கிறது. திருச்சிக்குச் சிங்கப்பூர், கோலாலம்பூர், வளைகுடா நகரங்களிலிருந்து நேரடி விமானங்கள் உள்ளன. எதுவும் பொருந்தவில்லை என்றால் சென்னையில் ஒரு நாள் தங்கி ரயிலில் போங்கள். ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் 40 கிலோ, இரண்டடுக்கு ஏசியில் 50 கிலோ வரை இலவசம். பாண்டியனிலோ நெல்லையிலோ இரவில் ஏறினால் காலையில் ஊர். கனத்த பெட்டியோடு போகிறவர்களுக்கு நான் சொல்லும் முதல் யோசனை இதுதான்.

யாழ்ப்பாணம் போகிறவர்களுக்கு இன்னொரு முக்கியமான விஷயம். பலாலி விமான நிலையம் 2019 அக்டோபரில் சர்வதேச நிலையமாகத் திறக்கப்பட்டது. இண்டிகோ 2024 செப்டம்பரில் சென்னையிலிருந்தும், 2025 மார்ச் இறுதியில் திருச்சியிலிருந்தும் அங்கே பறக்கத் தொடங்கியது. கொழும்பிலிருந்து வீதி வழியாக நெடுநேரம் குலுங்காமல், சென்னையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ ஒன்றரை மணி நேரத்துக்குள் பறந்து போய்விடலாம் என்பது பெரிய ஆறுதல்தான். ஆனால் அவை சிறிய ஏடிஆர் விமானங்கள், எடையில் தாராளம் எதிர்பார்க்க முடியாது. அதைவிடப் பெரிய சிக்கல் விசா. ஐரோப்பாவிலிருந்து சென்னைக்கு ஒரு டிக்கெட், சென்னையிலிருந்து பலாலிக்கு வேறொரு டிக்கெட் என்றால், பெட்டியை எடுத்து மறுபடியும் ஒப்படைக்க நீங்கள் இந்தியாவுக்குள் நுழைந்தாக வேண்டும். பிரெஞ்சு, கனடிய, பிரித்தானியக் கடவுச்சீட்டு உள்ளவருக்கு அதற்கு இந்திய விசா வேண்டும். அது இல்லாவிட்டால் புறப்படும் இடத்திலேயே ஏற்ற மறுக்கலாம். டிக்கெட் பணமும் கைக்கு வராது. போகும்போது ஒரு நுழைவு, வரும்போது ஒரு நுழைவு என்று இரண்டு நுழைவு என்பதையும் மறக்க வேண்டாம். 30 நாள் சுற்றுலா இ-விசா இரண்டு நுழைவுக்கு இடம் தரும், ஆனால் ஊரில் ஒரு மாதத்துக்கு மேல் நின்றால் திரும்பும் வழியில் அது காலாவதியாகிவிடும். இந்த விசாச் செலவையும் டிக்கெட் விலையோடு கூட்டிப் பாருங்கள். கொழும்பு வழியாகப் போவதே மலிவு என்று பலருக்கு அப்போது தெரியவரும்.

கோலாலம்பூரில் மாறுகிறவர்களுக்கும் இதே கதை. ஏர் ஏசியா இரண்டாம் முனையத்தில் இருக்கிறது. பெரும்பாலான மற்ற நிறுவனங்கள் முதல் முனையத்தில். தனித்தனி டிக்கெட் என்றால் குடிவரவைக் கடந்து, பெட்டியை எடுத்து, ரயிலில் அடுத்த முனையம் போய், மறுபடி வரிசையில் நிற்க வேண்டும். முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால் எந்த நிறுவனமும் பொறுப்பேற்காது. குறைந்தது ஆறு மணி நேர இடைவெளி வைத்துக்கொள்ளுங்கள். சிறு பிள்ளைகளோ முதியவர்களோ உடன் வந்தால் ஓர் இரவு தங்கிப் போவதே நல்லது.

ஐரோப்பாவுக்குள் ஒரு குட்டிப் பயணம்

சிறிய நகரத்தில் இருப்பவர்கள் பாரிசுக்கோ லண்டனுக்கோ மலிவு விமானத்தில் வந்து பெரிய விமானம் ஏறுவது வழக்கம். ரயன்ஏர், விஸ் ஏர் போன்றவற்றில் இலவசமாகக் கொண்டுபோகக் கூடியது இருக்கைக்கு அடியில் அடங்கும் 40 × 30 × 20 சென்டிமீட்டர் பை ஒன்றுதான். சக்கரம், கைப்பிடி எல்லாம் அந்த அளவுக்குள் வர வேண்டும். வாசலில் வைத்திருக்கும் இரும்புச் சட்டத்துக்குள் பை இறங்காவிட்டால் அங்கேயே தண்டப் பணம். ரயன்ஏரில் இணையத்தில் செக்-இன் செய்யாமல் விமான நிலையத்துக்கு வந்தால் ஆளுக்கு 55 யூரோ வரை வாங்குவார்கள். தொலைபேசியில் இதையெல்லாம் செய்யத் தெரியாத அப்பா அம்மாவைத் தனியாக அனுப்பும்போது, முந்தின நாளே நீங்கள் செக்-இன் முடித்து போர்டிங் பாஸை அவர்கள் தொலைபேசியிலேயே ஏற்றிக் கொடுத்துவிடுங்கள்.

நியாயமான அளவும் எடையும் உள்ள கைப்பை பயணத்தின் இன்றியமையாத பகுதி, அதற்குத் தனிக் கட்டணம் கூடாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2014இல் வூவெலிங் என்னும் ஸ்பானிய மலிவு நிறுவனத்தின் வழக்கில் சொன்னது. ஸ்பெயின் அரசு 2024 நவம்பரில் ஐந்து மலிவு நிறுவனங்களுக்கு 179 மில்லியன் யூரோ அபராதம் விதித்தது. அவர்கள் அதை எதிர்த்து நிற்கிறார்கள். சட்டம் நம் பக்கம் சாய்கிறது என்பது உண்மை. ஆனால் வாசலில் நிற்கும் ஊழியரிடம் அந்தத் தீர்ப்பைச் சொல்லி விமானம் ஏற முடியாது. பணம் கட்ட நேர்ந்தால் ரசீது வாங்கி வையுங்கள், பையை அந்த இரும்புச் சட்டத்தோடு சேர்த்துப் படம் எடுங்கள், பிறகு எழுத்தில் கேளுங்கள்.

கேட்டால் கொடுக்க வேண்டியவை

இருக்கைக்குப் பணம் கட்டாவிட்டால் பிள்ளையைத் தாயிடமிருந்து பிரித்து உட்காரவைப்பது கொடுமை. இந்தியாவில் 2024 ஏப்ரலில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் இதற்கு உத்தரவு போட்டது: ஒரே முன்பதிவில் வரும் 12 வயது வரையிலான பிள்ளைக்கு, பெற்றோர் அல்லது பாதுகாவலர் ஒருவர் அருகிலேயே இடம் தர வேண்டும். அதே நாட்டில் கவுன்ட்டரில் போர்டிங் பாஸ் அச்சிட்டுத் தரக் கட்டணம் வாங்கக் கூடாது என்று அமைச்சகம் 2022 ஜூலையில் அறிவித்தது. வற்புறுத்தினால் உத்தரவைச் சொல்லுங்கள்.

நடக்கச் சிரமப்படும் பெரியவர்களுக்கு ஐரோப்பிய விமான நிலையங்களில் சக்கர நாற்காலி உதவி இலவசம். 48 மணி நேரத்துக்கு முன் சொல்லிவைக்க வேண்டும், அவ்வளவுதான். ஏஜென்ட் இதற்குப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

பணம் செலுத்தும் பக்கத்தில் காப்புறுதி, முன்னுரிமை வரிசை, உணவு, நன்கொடை என்று ஏதாவது ஏற்கெனவே தேர்வாகி நிற்கிறதா என்று நிதானமாகப் பாருங்கள். இந்திய அரசு 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், கேட்காத பொருளைக் கூடையில் சேர்ப்பதையும், விலையைச் சிறிது சிறிதாக வெளிப்படுத்துவதையும் முறைகேடான வணிக உத்திகள் என்று பட்டியலிட்டுத் தடை செய்கின்றன. உங்கள் வங்கி நாணயத்திலேயே கட்டலாமே என்று தளம் ஆசை காட்டினால் மறுத்துவிடுங்கள். அந்த மாற்று விகிதத்தில் அவர்களின் பங்கு ஒளிந்திருக்கும்.

பயணத்தை ரத்து செய்ய நேர்ந்தால், திருப்பித் தராத டிக்கெட் என்ற சொல்லைக் கேட்டு ஒதுங்கிவிடாதீர்கள். இந்திய நிறுவனங்கள் ரத்துக் கட்டணமாக அடிப்படைக் கட்டணத்தையும் எரிபொருள் கட்டணத்தையும் தாண்டிப் பிடிக்கக் கூடாது. அரசு வரியும் விமான நிலையக் கட்டணமும் சலுகை டிக்கெட்டுக்கும் திரும்பி வர வேண்டும். பலர் கேட்பதில்லை, ஆகவே அவர்களுக்குக் கிடைப்பதுமில்லை. பதில் வராவிட்டால் இந்திய அரசின் ஏர்சேவா தளத்தில் முறையிடலாம். நாட்டுக்குள் இருந்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணையும் அழைக்கலாம்.

தாமதத்துக்கும் விலை உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து புறப்படும் எந்த நிறுவனத்தின் விமானமும், நிறுவனத்தின் கட்டுப்பாட்டில் உள்ள காரணத்தால் 3500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட ஊருக்கு நான்கு மணி நேரத்துக்கு மேல் பிந்திப் போய்ச் சேர்ந்தால், ஆளுக்கு 600 யூரோ. பிரித்தானியாவில் அது 520 பவுண்டு. ஒரே முன்பதிவில் துபாயிலோ தோஹாவிலோ மாறும் பயணமும் இதில் அடங்கும். திரும்பும் வழியில் வளைகுடா நிறுவனத்துக்கு இது பொருந்தாது. கனடாவுக்குப் போக, வர இரண்டுக்கும் அந்த நாட்டுச் சட்டம் பொருந்தும். பெரிய நிறுவனம் ஒன்பது மணி நேரமோ அதற்கு மேலோ பிந்தினால் 1000 டாலர், சிறிய நிறுவனம் என்றால் 500.

பெட்டி வராவிட்டாலோ உடைந்து வந்தாலோ, பெட்டிகள் வரும் கூடத்தை விட்டு வெளியேறும் முன்பே நிறுவனத்தின் மேசையில் புகார் பதிந்து அதன் எண்ணை வாங்குங்கள். வெளியே உறவினர் காத்திருக்கிறார்கள் என்று அவசரப்பட்டு வந்துவிட்டால் பிறகு நிரூபிப்பது கடினம். பன்னாட்டு விமானப் பயணங்களுக்கான மொன்றியல் உடன்படிக்கைப்படி உடைசலுக்கு ஏழு நாளுக்குள்ளும், பிந்தி வந்த பெட்டிக்கு அது கைக்கு வந்த நாளிலிருந்து 21 நாளுக்குள்ளும் எழுத்தில் முறையிட வேண்டும். பெட்டியைப் பூட்டும் முன் உள்ளே இருப்பவற்றைத் தொலைபேசியில் ஒரு படம் எடுத்து வையுங்கள். நகையும் மருந்தும் அதற்குள் இருக்கவே கூடாது.