மழை ரேடார் படத்தைப் படித்துப் புறப்படும் நேரத்தை முடிவு செய்வது

கைப்பேசியில் உள்ள வானிலைச் செயலி ‘இன்று மழைக்கு 70 சதவீத வாய்ப்பு’ என்று காட்டும்போது, அது அந்த நாளுக்கான கணினிக் கணிப்பைத்தான் சொல்கிறது. பூந்தமல்லியில் இருக்கும் ஒருவர் மாலை ஐந்து மணிக்கு வண்டியை எடுக்கலாமா, ஆறரை வரை காத்திருக்க வேண்டுமா என்ற கேள்விக்கு அதில் விடை இருக்காது. அந்த விடையைத் தருவது ரேடார் படம். அது கணிப்பு அல்ல, அளவீடு: சில நிமிடங்களுக்கு முன் எந்த இடத்து மேகத்தில் எவ்வளவு நீர் இருந்தது என்பதை அது காட்டுகிறது. அந்த மேகம் எங்கே போகிறது என்பதைக் கணக்கிட வேண்டியவர் பார்ப்பவர்தான். சென்னையையும் அதன் சுற்றுப்புறத்தையும் வைத்து அந்தக் கணக்கைச் சொல்கிறேன்.

இந்திய வானிலை ஆய்வுத் துறையின் இணையதளத்தில் ரேடார் பகுதிக்குச் சென்று சென்னை நிலையத்தைத் தேர்ந்தெடுங்கள். துறைமுகப் பகுதியில் 2002 முதல் இயங்கும் டாப்ளர் ரேடார் ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் அலைநீளம் கொண்ட எஸ் பேண்ட் வகை. கனமழையை ஊடுருவி அதற்குப் பின்னால் இருப்பதையும் அதனால் பார்க்க முடியும். பள்ளிக்கரணையில் உள்ள எக்ஸ் பேண்ட் ரேடாரின் அலைநீளம் சுமார் 3 சென்டிமீட்டர்தான். அருகில் உள்ளதை அது நுணுக்கமாகக் காட்டும்; ஆனால் நடுவே பெருமழை இருந்தால் அதற்கு அப்பால் உள்ள மழை வலுக் குறைந்ததாகத் தெரியும். ஒரு ரேடார் பழுதுபட்டிருக்கும் நாளில் மற்றொன்றையோ, வடக்கே ஸ்ரீஹரிகோட்டாவையோ பார்க்கலாம். டெல்டா மாவட்டத்தினருக்குக் காரைக்கால் ரேடார் உண்டு.

படம் திறந்ததும் வண்ணத்தைப் பார்க்காதீர்கள், நேரத்தைப் பாருங்கள். பெரும்பாலும் அது யுடிசி எனப்படும் உலகப் பொது நேரத்தில் இருக்கும். அதனுடன் ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டினால் நம் நேரம் கிடைக்கும். 11.30 யுடிசி என்றால் மாலை 5 மணி. ரேடார் பல கோணங்களில் வானைச் சுற்றிப் பார்த்து முடிக்கவே ஏறக்குறைய பத்து நிமிடங்கள் ஆகும் என்பதால், நம் கைக்கு வரும் படம் எப்போதும் சற்றுப் பழையதே. அதோடு, உலாவி முன்பு சேமித்து வைத்த படத்தையே திரும்பக் காட்டுவதும் உண்டு. ஒரு முறை அப்படி ஒரு மணி நேரத்துக்கு முந்தைய படத்தை நம்பி, மழை இன்னும் காஞ்சிபுரத்தைத் தாண்டவில்லை என்று நினைத்துக் குழந்தையை வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பி, போரூருக்குள் நுழைவதற்குள் இருவரும் முழுக்க நனைந்துவிட்டோம். அன்றிலிருந்து நேரத்தைச் சரிபார்க்காமல் எந்தப் படத்தையும் நான் படிப்பதில்லை.

வண்ணங்கள், மழைத்துளிகளில் பட்டுத் திரும்பி வரும் ரேடார் அலையின், அதாவது எதிரொலியின், வலுவை டிபிஇசட் என்னும் அலகில் குறிக்கின்றன. அது மடக்கை அளவு. எனவே எண் சிறிது கூடினாலும் மழை பன்மடங்கு கூடும். பொதுவான கணக்கின்படி 20 என்பது தூறல். 30 என்பது மணிக்கு 3 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. 40 என்பது 11 அல்லது 12 மில்லிமீட்டர். 50 என்பது 50 மில்லிமீட்டரை ஒட்டியது. ‘மேக்ஸ் இசட்’ என்ற படம், ஓர் இடத்தின் மேலே எந்த உயரத்தில் இருந்தாலும் அங்குள்ள மிக வலுவான எதிரொலியைக் காட்டுவது. அதன் மேலேயும் பக்கத்திலும் உள்ள பட்டைகளில் மேகத்தின் உயரம் தெரியும். தரையை அடையும் மழையின் தீவிரத்தை அறிய விரும்புபவர் ‘எஸ்ஆர்ஐ’ படத்தைப் பார்ப்பது நல்லது.

இனி முக்கியமான வேலை. ஜூன் முதல் செப்டம்பர் வரை சென்னைக்கு வரும் மாலை நேர இடிமழை பெரும்பாலும் மேற்கிலிருந்து, வேலூர், அரக்கோணம், காஞ்சிபுரம் வழியாகக் கடலை நோக்கி நகரும். 4.40 மணிப் படத்தில் அந்த மழைப்பட்டையின் முன்விளிம்பு ரேடாருக்கு மேற்கே 60 கிலோமீட்டரிலும், 5.10 மணிப் படத்தில் 42 கிலோமீட்டரிலும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அரை மணி நேரத்தில் 18 கிலோமீட்டர் என்றால் வேகம் மணிக்கு 36 கிலோமீட்டர். பூந்தமல்லி துறைமுகத்திலிருந்து நேர்கோட்டில் சுமார் 21 கிலோமீட்டர். ஆகவே மழை அங்கே 5.45-க்கு வரும். நீங்கள் போக வேண்டிய இடம் வடபழனி என்றால், அது இன்னும் 12 கிலோமீட்டர் கிழக்கே இருப்பதால் அங்கே 6.05. படத்தை நீங்கள் பார்க்கும்போதே மணி 5.20 ஆகியிருக்கும். மாலை நெரிசலில் வடபழனி போய்ச் சேர நாற்பது நிமிடங்கள் ஆகுமென்றால் மழைக்கு ஐந்து நிமிடங்கள் முன்னால்தான் போய்ச் சேர்வீர்கள். மழைக்கு முன்னோடியாக வரும் புழுதிக்காற்று அதற்கும் முன்பே வழியில் பிடித்துவிடும். பட்டையின் அகலம் 25 கிலோமீட்டர் என்றால் அது ஓரிடத்தைக் கடக்க நாற்பது நிமிடங்களுக்குச் சற்று அதிகமாக ஆகும். எனவே பூந்தமல்லியில் 6.30 வரை காத்திருந்து கிளம்புவதுதான் சரி என்பது என் தீர்ப்பு. அந்நேரத்தில் புதிய படத்தைப் பார்த்து, பின்னால் இன்னொரு பட்டை இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும்.

இந்தக் கணக்கை ஒரு மணி நேரத்துக்கு மேல் நீட்டக் கூடாது. இடிமேகத்தின் தனித்தனிக் கூறுகள் அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் வளர்ந்து தேய்ந்துவிடும். அவற்றிலிருந்து வெளியேறும் குளிர்காற்று கடற்காற்றுடன் மோதும் இடத்தில், முந்தைய படத்தில் வெறுமையாக இருந்த வானில் புதிய மேகம் எழும். மழைப்பட்டைக்கு முன்னால் மெல்லிய வளைகோடு ஒன்று தெரிந்தால், அதுவே அந்தக் காற்றின் முகப்பு.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் படிக்கும் முறையே மாற வேண்டும். அப்போது மேகங்கள் கடலிலிருந்து, பெரும்பாலும் இரவிலும் விடியற்காலையிலும், சிறு சிறு துண்டுகளாக வரும். அவை உயரம் குறைந்தவை என்பதால் 35 டிபிஇசட் வண்ணத்திலேயே கொட்டித் தீர்ப்பதுண்டு. மஞ்சளும் சிவப்பும் இல்லையே என்று அலட்சியம் செய்யக் கூடாது. ஒரு துண்டு பத்து நிமிடத்தில் கடந்துவிடும், ஆனால் அதே தடத்தில் ரயில் பெட்டிகளைப் போல அடுத்தடுத்து வந்துகொண்டிருக்கும். எனவே அருகிலுள்ள துண்டை மட்டும் பார்க்காமல், காற்று வரும் திசையில் கடலுக்குள் ஐம்பது அறுபது கிலோமீட்டர் வரை வரிசை நீள்கிறதா என்று பாருங்கள். 2021 டிசம்பர் 30 அன்று, முன்னறிவிப்பில் இல்லாத பெருமழை பிற்பகல் தொடங்கி மணிக்கணக்கில் நகரின் மீதே நின்று பெய்தது. அத்தகைய நாளில் நிமிடத்துக்கு நிமிடம் நிலைமையைச் சொல்லக்கூடியது ரேடார்தான்.

படத்தில் தெரிவதெல்லாம் மழை அல்ல. ரேடாரைச் சுற்றிக் கட்டடங்களின் எதிரொலி இருக்கும். காற்றடங்கிய தெளிந்த இரவுகளில் அலைக்கற்றை கீழ்நோக்கி வளைந்து கடற்பரப்பையே மழையாகக் காட்டும். அடுத்தடுத்த படங்களில் இடம் மாறாமல் நிற்பது மழையாக இருக்க வாய்ப்புக் குறைவு. தூரமும் ஏமாற்றும்: அரை டிகிரிக் கோணத்தில் செல்லும் கற்றை 100 கிலோமீட்டரில் ஏறத்தாழ ஒன்றரை கிலோமீட்டர் உயரத்திலும், 200 கிலோமீட்டரில் நான்கு கிலோமீட்டர் உயரத்திலும் இருக்கும். ஆகவே வேலூர்க்காரர்கள் சென்னைப் படத்தில் தாழ்வான மழையைத் தவறவிடக்கூடும். சில வேளை படத்தில் காணும் மழை தரையைத் தொடுமுன் உலர்ந்தும் போகும்.

சாதாரண மழைப் படத்தில் மின்னல் தெரியாது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. மழைப்பட்டைக்குப் பத்து கிலோமீட்டர் வெளியேயும் மின்னல் விழும். ஆகவே 45, 50 டிபிஇசட் கொண்ட மேகம் பதினைந்து கிலோமீட்டருக்குள் வந்துவிட்டால், மொட்டைமாடியில் காயும் துணியை எடுக்கப் போகிறவர் அப்போதே எடுத்துவிட்டு இறங்க வேண்டும். வயலிலும் மைதானத்திலும் இருப்பவர் கட்டடத்துக்குள் போக வேண்டும். புனேயில் உள்ள வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் ‘தாமினி’ செயலி அருகில் விழும் மின்னலைக் காட்டும். ரேடார் படத்துடன் அதையும் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இடியோசை காதில் விழுந்த பிறகு எந்தப் படத்தையும் பார்த்துக்கொண்டு வெளியில் நிற்க வேண்டாம்.