டிஸ்னி வேர்ல்டில் மிக்கியோடு சாப்பாடு: எங்கே, எப்போது, எப்படிப் பதிவு செய்வது

அமெரிக்காவின் ஆர்லாண்டோ பக்கம் இருக்கும் வால்ட் டிஸ்னி வேர்ல்டில், மிக்கியும் இளவரசிகளும் நாம் சாப்பிடும் மேஜைக்கே வந்து குழந்தையைக் கொஞ்சி, படம் எடுத்துக்கொள்ளும் உணவகங்கள் பல உண்டு. பெரியவர் ஒருவருக்கு 40 டாலரைத் தாண்டும். அந்தப் பணத்தில் பெரும்பங்கு, வரிசையில் நிற்காமல் இருப்பதற்காகத்தான் போகிறது. வெளியே ஒரே ஒரு கதாபாத்திரத்தைப் பார்க்கவே வெயிலில் வெகுநேரம் காத்திருக்க நேரும். இங்கே ஒரு மணி நேரத்துக்குள் நான்கைந்து பேர் தேடி வருவார்கள். அதனால் மெனுவைப் பார்த்து இடம் தேடாதீர்கள். உங்கள் குழந்தைக்கு யாரைப் பிடிக்கும் என்பதில் தொடங்குங்கள்.

மிக்கி, மின்னி, டொனால்ட், கூஃபி, ப்ளூட்டோ எல்லோரையும் ஒரே இடத்தில் பார்க்க கன்டெம்ப்ரரி ஹோட்டலில் உள்ள செஃப் மிக்கிஸ். ஹோட்டலில் இருப்பதால் பூங்கா டிக்கெட் தேவையில்லை. பூங்காவுக்குப் போகாமல் ஓய்வாக இருக்கும் நாளுக்கு இதுவே சரி. வின்னி த பூ, டிகர், பிக்லெட், ஈயோர் வேண்டுமென்றால் மேஜிக் கிங்டம் பூங்காவுக்குள் இருக்கும் கிரிஸ்டல் பேலஸ். சஃபாரி உடுப்பில் டொனால்டைப் பார்க்க அனிமல் கிங்டம் பூங்காவில் டஸ்கர் ஹவுஸ். எப்காட் பூங்காவின் கார்டன் கிரில் மெதுவாகச் சுழலும் உணவகம். உணவைத் தட்டுகளில் மேஜைக்கே கொண்டுவருவார்கள். பஃபேக்கு எழுந்து போகும் வேலை இல்லாததால் கைக்குழந்தை உள்ளவர்களுக்கு எங்கள் முதல் பரிந்துரை இதுதான்.

இரண்டு விஷயங்களில் பலர் ஏமாறுகிறார்கள். எப்காட்டில் நார்வே பகுதியின் ஆகர்ஷூஸ் உணவகத்து விருந்தில் இளவரசிகள் வருவார்கள். 'ஃப்ரோசன்' படத்தின் எல்சாவும் அன்னாவும் வரமாட்டார்கள். அவர்களைப் பக்கத்துக் கட்டடத்தில் தனி வரிசையில் நின்றுதான் பார்க்க வேண்டும். அடுத்தது, ஓஹானா, டொப்பொலினோஸ் டெரஸ், கேப் மே கஃபே என்ற ஹோட்டல் உணவகங்கள் மூன்றிலும் காலைச் சாப்பாட்டுக்கு மட்டுமே கதாபாத்திரங்கள் வரும். இரவுக்குப் பதிவு செய்துவிட்டு மின்னியைத் தேடிப் பயனில்லை.

பதிவு, சாப்பிடும் நாளுக்கு 60 நாள் முன்பு திறக்கும். டிஸ்னியின் சொந்த ஹோட்டலில் தங்குவோர், வந்திறங்கும் நாளுக்கு 60 நாள் முன்பே தங்கும் நாட்கள் எல்லாவற்றுக்கும் (10 நாள் வரை) சேர்த்துப் பதிவு செய்துவிடலாம். டிசம்பர் 20 வந்திறங்குவதாக இருந்தால் அக்டோபர் 21. நேரம் ஆர்லாண்டோ கணக்கில் காலை 6 மணி. இந்தியாவில் இருந்து பதிவு செய்தால் அங்கே கடிகாரத்தை ஒரு மணி முன்தள்ளி வைக்கும் கோடை நேரம் இருக்கும்போது மாலை 3.30, மற்ற மாதங்களில் 4.30. கிரெடிட் கார்டு விவரத்தையும் குடும்பத்தார் பெயர்களையும் முந்தின நாளே உங்கள் டிஸ்னி கணக்கில் ஏற்றிவைத்துவிடுங்கள். சிண்ட்ரெல்லா கோட்டைக்குள் இருக்கும் ராயல் டேபிள் மாதிரி சீக்கிரம் நிரம்பும் இடத்தைப் பயணத்தின் கடைசி நாட்களில் வையுங்கள். அந்தத் தேதிகள் மற்றவர்களுக்கு இன்னும் திறந்திருக்காது, போட்டி குறைவு.

கிடைக்கவில்லை என்றால் கைவிட வேண்டாம். 2 மணி நேரத்துக்கு முன் ரத்து செய்தால் அபராதம் கிடையாது. அதற்குப் பிறகு, அல்லது போகாமல் விட்டால், ஆளுக்கு 10 டாலர். இதனால் முந்தின இரவும் அன்று காலையும் பலர் இடத்தை விடுவார்கள். அந்த நேரத்தில் டிஸ்னியின் செயலியைத் திறந்து பார்த்துக்கொண்டே இருங்கள்.

எந்த நேரம் வைப்பது? பூங்கா திறந்த முதல் இரண்டு மணி நேரம் ராட்டினங்களில் கூட்டம் குறைவு. அதைச் சாப்பாட்டில் கரைக்கக் கூடாது. காலைச் சாப்பாட்டின் கடைசி நேரமான 10, 10.30 வாக்கில் எடுங்கள். அங்கே ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து எழுந்தால் மதியச் சாப்பாடே வேண்டியிருக்காது. விலையும் இரவைவிடக் குறைவு. ஒரு ஹோட்டலில் தங்கி வேறு ஹோட்டலில் சாப்பிடுவதென்றால் பெரும்பாலும் நேர் பேருந்து கிடையாது. ஏதாவது ஒரு பூங்காவுக்குப் போய் மாறித்தான் போக வேண்டும். ஒன்றேகால் மணி நேரம் ஒதுக்குங்கள், இல்லாவிட்டால் டாக்சி பிடியுங்கள்.

சைவக்காரர்கள் பதிவிலும் சொல்லி, உட்கார்ந்ததும் பரிமாறுபவரிடமும் சொல்லுங்கள். 'வெஜிடேரியன்' என்று மட்டும் சொன்னால் அங்கே முட்டை வந்துவிடும். சாதமும் சூப்பும் கோழிச் சாறில் வெந்திருக்கலாம். முட்டை, மீன், இறைச்சிச் சாறு எதுவும் கூடாது என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். மெனுவில் இலைக் குறி போட்ட பண்டங்கள் முழுக்கத் தாவர உணவு. மிக்கி வடிவ வாஃபிளில் முட்டை உண்டா என்று கேட்காமல் எடுக்க வேண்டாம். சமையல்காரரே மேஜைக்கு வந்து பேசுவதும் உண்டு, தயங்காமல் கேளுங்கள்.

கதாபாத்திரங்கள் மேஜை மேஜையாகச் சுற்றி வரும். பஃபேயில் எல்லோரும் ஒன்றாக எழுந்து போனால் அந்தச் சுற்று போய்விடும். உட்கார்ந்ததும் ஒருவர் போய்க் குழந்தைகளுக்கு எடுத்து வரட்டும், மற்றவர் மேஜையிலேயே இருக்கட்டும். யாராவது விட்டுப்போனால் பரிமாறுபவரிடம் சொல்லுங்கள், அடுத்த சுற்றில் பார்க்கலாம். ஆட்டோகிராஃப் வாங்கத் தடித்த மார்க்கர் கொண்டுபோங்கள். மிக்கியின் கை பெரிய உறைக்குள் இருப்பதால் மெல்லிய பேனா அதில் நிற்காது. வெற்றுப் பக்கத்தைத் திறந்து, மூடியைக் கழற்றியே நீட்டுங்கள்.

முகமூடி அணிந்தவர்கள் பேசமாட்டார்கள். ஆறடி உருவம் சத்தமில்லாமல் குனிந்து வரும்போது இரண்டு வயதுக் குழந்தை அலறுவது இயல்பு. குழந்தையைச் சுவர்ப் பக்கமாக, தூரத்தில் வருவது கண்ணில் படுகிற மாதிரி உட்காரவையுங்கள். முதலில் அப்பாவோ அக்காவோ கைகொடுக்கட்டும். பயந்தால் தலையசைத்தாலே அவர்கள் தள்ளி நின்று கையாட்டிவிட்டுப் போவார்கள். படத்துக்காக மடியில் தூக்கித் திணிக்க வேண்டாம், அடுத்த கதாபாத்திரம் வரும்போது அழுகை இரட்டிப்பாகும்.

பில் வந்ததும் கணக்கைப் பாருங்கள். 3 வயதுக்குக் கீழே கட்டணம் இல்லை, 3 முதல் 9 வரை சிறுவர் கட்டணம், 10 ஆனால் பெரியவர்தான். மேலே 6.5 சதவீத வரி. ஆறு பேர் அல்லது அதற்கு மேல் போனால் 18 சதவீத டிப்ஸை அவர்களே சேர்த்துவிடுவார்கள். அதைக் கவனிக்காமல் அடியில் இன்னொரு முறை டிப்ஸ் எழுதிவிடாதீர்கள்.